ஆர்ட்டின் ராஜாவைத் தூக்கிப் போட்டவள்

அத்தியாயம் பதினான்கு

மருமகளைப் போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்த இடம் சமையலறைத் தொட்டி. ஒரு கையில் சோப்பு நுரை, இன்னொரு கையில் போன். மறுமுனையில் அவள் கணவன், வெளியூரில் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டிருக்கும் இன்ஜினீயர், "நான் திரும்பி வரப்போறதில்ல. இங்க ஒருத்தங்க இருக்காங்க. உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்று மூன்றே வாக்கியத்தில் பன்னிரண்டு வருஷத்தை முடித்து வைத்தான்.

அதற்கப்புறம் சில வாரங்கள் ஓடிவிட்டன. அன்றைக்குக் குழாயை யார் மூடினார்கள் என்பது அவளுக்கு இன்றுவரை நினைவில்லை.

அழுதாளா என்று கேட்டால், இல்லை. கத்தினாளா, அதுவும் இல்லை. பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் ஈறில் ஊசி போடுவார்களே, கன்னம் நம்முடையதுதானா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, உடம்பு முழுக்க அவளுக்கு அப்படி இருந்தது. காலையில் எழுந்தாள். கிளினிக் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்றாள். காது பரிசோதிப்பது அவள் வேலை. யாருக்கு எந்தக் காது மந்தம் என்பதைச் சரியாகவே சொன்னாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டாள் என்றுதான் தட்டு சொன்னது.

விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் நாத்தனார். நாற்பது வயதிலும் வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டிதான். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த ஒரே முடிவு, மாமனாரிடம் சொல்லக்கூடாது என்பது. போன வருஷம்தான் அடைப்புக்காக அவர் இதயத்தில் ஸ்பிரிங் வைத்தார்கள். ஒரே மகன், மனைவி போனபிறகு அவருக்கு இருந்த ஒரே பெருமை. "சைட்ல வேலை முடியலையாம் மாமா" என்று மருமகள் சொல்வாள். "முடிஞ்சுதான் வரட்டுமே" என்று அவர் பேப்பரைப் புரட்டுவார். பொய் அந்த வீட்டில் சோபா மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

மாமனாரை ஊரே கேப்டன் என்றுதான் கூப்பிடும். துறைமுகத்துக்கு வெளியே வந்து நிற்கும் பெரிய கப்பல்களில் ஏறி, தரை தட்டாமல் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் செய்த உத்தியோகம். ரிட்டயரான பிறகு அந்தக் கவனம் மொத்தத்தையும் பிரிட்ஜ் என்கிற சீட்டாட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். மகன் பாலம் கட்டுகிறான், மிச்ச மூன்று பேரும் பிரிட்ஜ் ஆடுகிறோம் என்பது அந்தக் குடும்பத்தின் பழைய ஜோக். இப்போது யாரும் சொல்வதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கிளப்பின் வருடாந்திரப் போட்டிக்குக் கடைசி நாள்.

கேப்டன் காலையிலேயே டை கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு மருமகள்னும் பார்க்க மாட்டேன், மகள்னும் பார்க்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"நாங்க மட்டும் என்ன மாமா, பார்க்கவா போறோம்?" என்றாள் அவள். வாய் அதுபாட்டுக்குப் பேசியது. நல்லவேளை, வாய்க்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

எதிராளிகள் ஒரே காரில் போகக்கூடாது என்பது கேப்டன் வைத்த சட்டம். அவரை அழைத்துப்போக அவருடைய ஜோடி, பல் டாக்டர், வாசலில் ஹாரன் அடித்தார். மருமகளுக்குக் குட்டியின் கார்.

குட்டியின் வேலையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்து ஜனங்கள் அலறிக்கொண்டு போன் பண்ணுவார்கள். "பயப்படாதீங்க சார், மெக்கானிக் கிளம்பிட்டார், உங்க தெருமுனைக்கு வந்துட்டார்" என்பாள். மெக்கானிக் அப்போதுதான் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பான். "பொய்யா அது? ஆறுதல்" என்பாள் குட்டி.

காரில் ஏறும்போது மருமகள் பின்சீட்டைப் பார்த்தாள். மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன மழைக்கோட்டு. நாலு வயதுக் குழந்தை போடுகிற அளவு. குட்டிக்குக் கல்யாணமும் இல்லை, குழந்தையும் இல்லை.

"யாரோடது இது?"

"அதுவா? ஆபீஸ்ல கூட வேலை பாக்கிறவளோட பொண்ணுது அண்ணி. நேத்து ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்தேன்."

நேற்று சனிக்கிழமை. மழையும் இல்லை. மருமகள் அதைக் கவனித்தாள், கவனித்ததோடு சரி. ஜன்னலுக்கு வெளியே பூட்டிய கடைகளும் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் பின்னால் போனார்கள். குட்டி வழக்கமாக ஓட்டும்போது வாய் மூடமாட்டாள். இன்று சிக்னல் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பச்சை விழுந்த பிறகும்.

கிளப் என்பது ஒரு மாடி ஹால். கீழே துணி வெளுக்கும் கடை. அதனால் படிக்கட்டில் எப்போதும் இஸ்திரி வாசனை. மேலே பச்சைத் துணி விரித்த மேஜைகள், ஒவ்வொன்றிலும் நாலு பேர். பேச்சு கிடையாது. சீட்டு மேஜையில் விழும் சத்தமும் மின்விசிறியின் முனகலும்தான். இந்த ஹாலுக்குள் வந்தால் மட்டும் மருமகளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்தது. யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கமுடியாத இடம் அது.

மத்தியானம் வரை அண்ணியும் நாத்தனாரும் நன்றாகவே ஆடினார்கள். கேப்டன் ஜோடியும் அப்படித்தான். டீ இடைவேளையின்போது சுவரில் ஒட்டிய நிலவரத்தில் இரண்டு ஜோடிகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு மேலே இருந்தார்கள். கடைசிச் சுற்றில் இரண்டு ஜோடியும் ஒரே மேஜையில் மோத வேண்டும்.

"குடும்பச் சண்டையை ஊர் பார்க்க ஆடப்போறோம்" என்று பல் டாக்டர் பிஸ்கட்டைக் கடித்தார்.

குட்டி டீயை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். மருமகளும் பின்னாலேயே போனாள். கீழ்ப்படியில் யாரோ இஸ்திரி போட்ட சட்டைகளைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி."

"ம்."

"காலைல பொய் சொன்னேன்."

மருமகள் டீயை ஊதினாள்.

"அது ஆபீஸ்காரி பொண்ணோட கோட் இல்ல. அண்ணன் வந்திருக்கான். என் வீட்டுலதான் இருக்கான். வியாழக்கிழமை வந்தான். அவங்களும்... அவங்க பொண்ணும் கூட. நான் கூப்பிடல அண்ணி, சத்தியமா. வாசல்ல வந்து நிக்கிறான், குழந்தை தூங்கி வழியுது. கதவைச் சாத்தவா முடியும்?"

"சரி."

"சரியா? என்ன அண்ணி சரி? திட்டுங்க என்னை. ரெண்டு அறை கூட விடுங்க."

"டீ ஆறுது, குட்டி."

"முன்னாடியே தெரியும் எனக்கு. அவன் உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே. அப்பவே சொல்லியிருக்கணும். அவனே சொல்லட்டும்னு இருந்துட்டேன்." குட்டியின் மூக்கு சிவந்துவிட்டது. "உங்க முகத்தைப் பார்த்துத் தினம் தினம் பொய் சொன்னேன்."

மருமகள் தனக்குள் எங்கேயாவது வலிக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஒவ்வொரு சத்தமாகக் கூட்டிக்கொண்டே போய், பட்டனை அமுக்குகிறாரா என்று காத்திருப்பாளே, அதுபோல. ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"என்ன சாப்பிடறாங்க?"

"என்னது?"

"உன் வீட்டுல ஒண்ணும் சமைக்க மாட்டியே. அந்தக் குழந்தைக்கு என்ன கொடுக்கறே?"

குட்டி அவளையே பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மணி அடித்துவிட்டது.

கடைசி மேஜை, கடைசி ஆட்டம்.

பிரிட்ஜ் தெரியாதவர்கள் பயந்துபோய்ப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தெரிய வேண்டியது கொஞ்சம்தான். எதிரும் புதிருமாக உட்கார்ந்தவர்கள் ஒரு ஜோடி. ஆளுக்குப் பதிமூன்று சீட்டு, இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்று நாலு இனத்தில். இறக்கிய இனத்திலேயே நாலு பேரும் ஒவ்வொரு சீட்டுப் போட, எது பெரியதோ அது அந்தப் பிடியை எடுக்கும்; எடுத்த கையிலிருந்துதான் அடுத்த சீட்டு இறங்கும். கேப்டன், ஒன்பது பிடி எடுத்துக்காட்டுகிறேன் என்று ஏலத்தில் சொல்லிவிட்டார். எடுத்தால் கோப்பை அவருக்கு. எட்டோடு நிறுத்தினால் அண்ணிக்கும் நாத்தனாருக்கும். தடுக்கும் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்க்க முடியாது, பேச முடியாது, புருவத்தைக்கூட உயர்த்தக்கூடாது. போடுகிற சீட்டுதான் பேச்சு.

குட்டி இஸ்பேட் ஜாக்கியை இறக்கினாள்.

உடனே பல் டாக்டர் தன் சீட்டுகள் எல்லாவற்றையும் மேஜையில் விரித்து வைத்தார். இனி அவர் வெறும் பார்வையாளர். அவர் சீட்டையும் சேர்த்துக் கேப்டனே ஆடுவார். விரித்ததைப் பார்த்ததும் கேப்டனின் முகத்தில் சின்னதாக ஒரு நிம்மதி. டைமனில் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, அதற்கு வால் மாதிரி ஓர் ஐந்து. ஆர்ட்டினில் ஏஸும் ஒரு சின்னச் சீட்டும். மிச்சமெல்லாம் குப்பை.

மருமகள் தன் கையைப் பார்த்தாள். இஸ்பேட் ஏஸ், டைமன் ஏஸ், ஆர்ட்டின் ராஜா. முதல் பிடியை இஸ்பேட் ஏஸ் போட்டு எடுத்தாள். அடுத்த சீட்டு அவள்தான் இறக்க வேண்டும்.

ஜோடி ஆரம்பித்த இஸ்பேடையே திருப்பிப் போடுவதுதான் மரியாதை. கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத்தான் செய்வார்கள். அவள் விரலும் இஸ்பேட் எட்டின் மேல் போய் நின்றது.

நின்ற விரல் அப்படியே இருந்தது.

எதிரே விரிந்து கிடந்த டைமன்களைப் பார்த்தாள். நாலு பிடி அங்கே பழுத்துத் தொங்குகிறது. டைமன் ஏஸ் தன்னிடம் இருக்கிறது. அதைச் சரியான நேரத்தில் போட்டால், கேப்டனின் கையில் டைமன் தீர்ந்துபோகும். அப்புறம் மேஜையில் கிடப்பதை எடுத்து ஆட அவருக்கு வழி இருக்காது. ஆனால் ஒரு கதவு இருக்கிறது. ஆர்ட்டின் ஏஸ். அது மேஜையில் இருக்கும்வரை, எப்போது வேண்டுமானாலும் அதன் வழியாக நுழைந்து மிச்ச டைமனை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

கதவை இப்போதே, அவர் டைமனைப் பறிக்கத் தொடங்குமுன்பே, திறக்கவைத்துவிட வேண்டும். திறந்துவிட்டால் மறுபடி திறக்க முடியாது.

சின்ன ஆர்ட்டின் போட்டால்? கேப்டனிடம் ராணி இருக்கும். கையிலேயே பிடித்துக்கொள்வார், கதவு பத்திரமாக இருக்கும். அந்த ஏஸை வெளியே இழுக்கக்கூடியது ஒரே ஒரு சீட்டு. தன்னுடைய ராஜா.

தனக்கு ஒரு பிடி தரக்கூடிய ராஜாவை, அதை விழுங்க வாய் திறந்திருக்கும் ஏஸின் முன்னால் கொண்டுபோய் வைப்பதா? ஆறு மாதத்துக்கு முந்தைய மருமகளாக இருந்தால் செய்திருக்க மாட்டாள். கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ஆட்டம்தான் அவளுடையது. கேப்டனே அதைக் கிண்டல் செய்வார். இன்று, எதையும் இறுக்கிப் பிடிக்கிற விரல்கள் அவளிடம் இல்லை. சீட்டு வெறும் சீட்டாகத் தெரிந்தது. எது எங்கே போகவேண்டும் என்பது கணக்கு மாதிரித் தெளிவாக இருந்தது.

ஆர்ட்டின் ராஜாவை எடுத்து மேஜையில் வைத்தாள்.

பல் டாக்டர் இருமினார். பக்கத்து மேஜையில் ஆட்டம் முடித்து வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், கை தவறிவிட்டது என்று நினைத்து உச்சுக் கொட்டினார். கேப்டன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மருமகளைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். இரவில் பாறை எங்கே இருக்கிறது என்று தண்ணீரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ஏஸைப் போடாமல் விடலாமா என்று யோசித்திருப்பார். விட்டால் அவள் இன்னொரு ஆர்ட்டின் இறக்குவாள். அப்போது தனியாக நிற்கும் ஏஸ் எப்படியும் விழும். பெருமூச்சோடு ஏஸைப் போட்டு எடுத்தார். கதவு திறந்தது, போயிற்று.

அடுத்து மேஜையிலிருந்து டைமன் ராஜா. மருமகள் ஏஸை வெளியே காட்டாமல் மூன்றைப் போட்டாள். கேப்டன் இரண்டு. குட்டி நான்கு.

நான்கு.

இங்கேதான் விஷயம். டைமனில் சின்னச் சீட்டை முதலில் போட்டால் கையில் ஒற்றைப்படை, பெரியதை முதலில் போட்டால் இரட்டைப்படை. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இடையே பல வருஷ ஒப்பந்தம் அது. குட்டி போட்ட நான்குக்குக் கீழே சீட்டு இல்லை. அப்படியானால் அவளிடம் மூன்று டைமன். மருமகளிடம் மூன்று, மேஜையில் ஐந்து, அப்படியானால் கேப்டனிடம் இரண்டுதான், ஒன்றைப் போட்டாகிவிட்டது. அடுத்த டைமனுக்கே ஏஸைப் போட்டுப் பிடிக்க வேண்டும். குட்டியிடம் உண்மையில் இரண்டுதான் இருந்தால், கேப்டனிடம் மூன்று. இன்னொரு முறை காத்திருக்க வேண்டும். ஒரு முறை முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு.

கேப்டன் டைமன் ராணியை நகர்த்தினார். இப்போது மருமகள் முறை.

அவள் தலை நிமிர்ந்து குட்டியைப் பார்த்தாள். குட்டி தன் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமை வீங்கியிருந்தது. அழுத கண்ணுக்கு நாலும் ஏழும் ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். அதோடு, இவள் தினம் தினம் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவள். அரைமணி நேரத்துக்கு முன்னால் அவளே சொன்னாள்.

மருமகள் யோசித்தாள் என்று சொல்வது சரியாக இருக்காது. எல்லாப் பொய்யையும் ஒரு பக்கம் அடுக்கினாள். மழைக்கோட்டு, ஆபீஸ்காரி, தெருமுனைக்கு வந்துவிட்ட மெக்கானிக். இன்னொரு பக்கம் இந்தப் பச்சைத் துணி. இந்தத் துணியின் மேல் குட்டி ஒருமுறைகூடப் பொய்யான சீட்டுப் போட்டதில்லை. கோபத்தில் இருந்தபோதும், ஜுரத்தில் இருந்தபோதும், அம்மா செத்த மாதத்தில்கூட.

டைமன் ஏஸைப் போட்டாள்.

கேப்டனின் கையிலிருந்து எட்டு விழுந்தது. குட்டியிடமிருந்து ஆறு. மருமகள் இஸ்பேட் எட்டைத் திருப்பினாள்.

கேப்டன் பிடித்தார். தன் கையைப் பார்த்தார், டைமன் இல்லை. மேஜையில் ஜாக்கியும் பத்தும் ஐந்தும் அழகாகக் கிடந்தன, எட்டாத உயரத்தில். கிளாவரில் எடுக்க வேண்டியதை எடுத்தார், இஸ்பேடில் ஒன்று, ஆர்ட்டின் ராணியில் ஒன்று. சுற்றிச் சுற்றி வந்தார். எட்டோடு நின்றது.

"எட்டு" என்றார். சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மேஜைக்கு மேலாகக் கையை நீட்டி மருமகளின் கையைக் குலுக்கினார். "அந்த ராஜா. யாரு சொல்லிக் கொடுத்தா?"

"வேற வழி தெரியல மாமா."

"எனக்கும் தெரியலையே அப்புறம்." சிரித்தார். உண்மையான சந்தோஷம் அது. தோற்கடித்தது தன் வீட்டு ஆள் என்பதில் அவருக்கு ஜெயித்ததைவிடப் பெருமை.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். குட்டி அண்ணியின் தோளைப் பிடித்து, "என் நாலை நம்புனீங்களா?" என்றாள் காதுக்குள். "நானா இருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பல் டாக்டர், சீட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே, சும்மா இருக்க முடியாமல் பேச்சை ஆரம்பித்தார்.

"கேட்கணும்னே இருந்தேன் கேப்டன். பையன் ஊருக்கு வந்துட்டாரா? நேத்து மருந்துக்கடையில பார்த்தேன். தோள்ல ஒரு குழந்தை தூங்கிட்டு இருந்துச்சு. நான் கூப்பிட்டேன், அவர் கவனிக்கல."

குட்டியின் விரல்கள் அண்ணியின் தோளில் பதிந்தன. மருமகளின் பார்வை நேராகக் கேப்டனின் நெஞ்சுக்குப் போயிற்று, டைக்குப் பின்னால், ஸ்பிரிங் இருக்கும் இடத்துக்கு.

கேப்டன் தன் பேனாவை மூடினார்.

"ஆமா, வந்திருக்கான். சைட்ல லீவு கொடுத்திருக்காங்க. குழந்தை தெரிஞ்சவங்களோடது" என்றார்.

"அதான் பார்த்தேன்" என்றார் பல் டாக்டர்.

அவ்வளவுதான். பேச்சு கோப்பைக்குத் தாவியது. போட்டோ எடுத்தார்கள். மருமகள் போட்டோவில் நின்றாள். அவள் மனதில் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் யோசிக்கவில்லை. தெரியாத சீட்டு எதிரே விழுந்தால் மனிதன் ஒரு கணமாவது நிற்பான். ராஜாவைப் பார்த்து அத்தனை நேரம் நின்றவர், மகன் ஊரில் இருக்கிறான், தோளில் குழந்தை என்று கேட்டதற்கு ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லை. பதிலைக் கையிலேயே வைத்திருந்தார்.

குட்டி காரை எடுத்துவரப் போனாள். சட்டம் போட்டி முடியும்வரைதான். திரும்பும்போது மூவரும் ஒரே காரில் போகலாம். கேப்டன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். மருமகள் ஒரு படி பின்னால்.

"மாமா, உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

அவர் திரும்பவில்லை. "ரொம்ப நாளா. அவன் எனக்குத்தான் முதல்ல போன் பண்ணினான்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் என் நெஞ்சைக் காப்பாத்தறதுக்காக எவ்வளவு பக்குவமா ஆடிட்டு இருந்தீங்க. தினமும் சைட்டு, வேலை, சிமெண்ட்டு வரல, மழைன்னு. அதைக் கலைக்க மனசு வரலம்மா." இப்போது நின்றார். "அதுவும் இல்லாம, சொல்லிட்டா நீ வீட்டை விட்டுப் போயிடுவியோன்னு ஒரு பயம். சொல்லாத வரைக்கும் நீ இருப்பேன்னு தோணிச்சு."

கீழே இஸ்திரிக்காரர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். தெருவில் வெயில் இறங்கிவிட்டது. மருமகளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது; அல்லது பாவமாக இருக்கவேண்டும் என்று தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக் கடைசிப் படியை இறக்கிவிட்டாள்.

"காலைலயே ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன். மேட்ச் இருக்கேன்னு விட்டுட்டேன்" என்றார் கேப்டன்.

"சொல்லுங்க மாமா."

"இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அவங்களை வரச் சொல்லியிருக்கேன். மூணு பேரையும். எத்தனை நாளைக்கு இந்தக் கண்ணாமூச்சி? குட்டி வீட்டுல அந்தக் குழந்தை பிஸ்கட்டா தின்னுட்டு இருக்காம். அது என்ன பாவம் பண்ணுச்சு?" அவர் டையைத் தளர்த்தினார். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். நீ பெரிய மனசுக்காரி. இன்னிக்கு அந்த ராஜாவைப் போட்டே பாரு, அப்பவே தெரிஞ்சுது எனக்கு. விட்டுக்கொடுக்கத் தெரிஞ்சவ நீ."

மருமகள் அவரைப் பார்த்தாள்.

"அது விட்டுக்கொடுத்தது இல்ல மாமா. உங்களை உள்ளே விடாம இருக்கறதுக்காகப் போட்டது."

கேப்டன் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒரு சந்தேகம்" என்றாள் அவள். குரல் ஏறவில்லை, கிளினிக்கில் பேசுகிற அதே குரல். "எத்தனை பேருக்குச் சமைக்கணும்னு சொல்றீங்களா, இல்ல அவங்க வந்து உக்கார்ற வீட்டுல நான் இருப்பேனான்னு என்னைக் கேக்கறீங்களா?"

பெரிய பெரிய கப்பல்களுக்கு வழி சொன்ன கேப்டன், கார் வருகிறதா என்று தெருவைப் பார்த்தார்.

குட்டி காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். உள்ளிருந்தே கதவைத் திறந்துவிட்டு, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ஆச்சு? அப்பா? அண்ணி?"

மருமகள் மாமனாரை முன்சீட்டில் உட்காரவைத்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "மாத்திரை ஆறு மணிக்கு, மறந்துடப் போறார்" என்று குட்டியிடம் சொன்னாள். கதவைச் சாத்தினாள், வெளியே நின்றபடி.

"அண்ணி, ஏறுங்க."

"நீ போ, குட்டி."

"எங்க போறீங்க? வீட்டுக்கு வரலையா?"

"அப்பா சொல்லுவார்."

அவள் நடக்க ஆரம்பித்தாள். வீடு இருக்கும் பக்கம் இல்லை. எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது. தெரு ஒரு பக்கம் இறங்கியது, இறக்கத்தில் நடப்பது சுலபமாக இருந்தது. பின்னால் கார் கிளம்புகிற சத்தம் கேட்கவில்லை. குட்டி இன்னும் அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கிறாள். கண்ணாடியை இறக்கி, "அப்பா, என்ன சொன்னீங்க அவங்ககிட்ட? என்ன சொன்னீங்க?" என்று கத்துவது கேட்டது.

மூலையில் மூடிய மருந்துக்கடையின் முன்னால் வரும்போது இடது குதிகாலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தாள். செருப்பு கடித்திருந்தது. தோல் உரிந்து, ரத்தம் வாரில் ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. காலையிலிருந்தே கடித்திருக்க வேண்டும்.

அவள் கடையின் படியில் உட்கார்ந்தாள். விரலால் அந்த இடத்தைத் தொட்டாள். வலித்தது. இன்னொரு தடவை தொட்டாள். நன்றாகவே வலித்தது.

அப்புறம்தான், அத்தனை வாரத்துக்கும் அப்புறம்தான், அவள் தெருவென்றும் பார்க்காமல் அழ ஆரம்பித்தாள்.